காவல் வண்டியின் பின்னிருக்கை

நலம் நிற்க. ஆழ்துறையில் நீர் குறையாது நிற்க. மூங்கிற்கோட்டில் மழை பிழையாது பெய்க. வழிநடப்போர் எல்லாரும் வீடு சேர்க.

செவ்வாற்றின் இரு கரையையும் ஒரு குடைக்கீழ்க் காத்து, வலியார் கை மெலியார்மேல் விழாது தடுத்து, தாய்க்குப் பின் தாயாகி நாடாளும் ஆழ்துறை அரசி நன்முல்லையார் திருவாய்மொழிந்தபடி எழுதிய ஓலை இது. மூங்கிற்கோட்டு நாட்டின் முதல்வரும், கருங்கணவாயின் காவலரும், முந்தைய அரசியார் காலந்தொட்டு அவையில் வலப்பக்கம் அமரும் உரிமையுடையவருமான பொறையாதனார் திருமுன் சேர்க. தங்கள் குன்றும் குன்றுவாழ் குடிகளும், சுனையும் சுனைநீர் உண்ணும் கன்றுகளும் குறைவின்றி இருக்க அரசி வேண்டுகிறார். தங்கள் இல்லம் நன்றே இருக்கிறதா என்று கேட்பது ஓலை மரபு. இந்த ஓலையில் அதைக் கேட்க வேண்டாம் என்று அரசி சொன்னார்.

காரியம் ஒன்றே. தங்கள் மருமகள் குவளை இறந்த அன்று தாங்கள் அடைத்த கருங்கணவாய்க் கதவு இன்றுவரை காவல் வண்டிகளுக்குத் திறக்கவில்லை. அவள் தந்தை, ஊர்காவல் தலைவர் நெடும்பூதனாருக்கும் திறக்கவில்லை. கார்காலம் தொடங்குமுன் அந்தக் கதவு அவருக்குத் திறக்க வேண்டும். ஏன் என்று சொல்லவே இத்தனை ஏடுகள்.

இதில் வருவோர் பேசியதை அவைமொழிக்கு மாற்றாமல் பேசியபடியே எழுதுக என்றும் அரசி சொன்னார். மாற்றினால் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்றார்.

சென்ற ஆண்டு வேனிலில், ஊர்காவலுக்கு நாடு முழுதும் ஒரே வகை வண்டி வேண்டும் என்று அவையில் முடிவாயிற்று. அதுவரை காவலர் ஏறிச் சென்றவை பழைய மாட்டு வண்டிகள். கள்வன் திருடி, தின்று, தூங்கி எழுந்த பின் காவல் வண்டி வரும் என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். புது வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவை நெடும்பூதனாரிடம் தந்தது.

ஆனால் அவை தருமுன்பே அவர் வீட்டில் அது அவருக்குத் தரப்பட்டுவிட்டது. தாயின் திவசத்துக்காக மூங்கிற்கோட்டிலிருந்து வந்திருந்தாள் குவளை. திவசம் முடிந்து இலை போட்டபோது, கணவாயில் கள்வர் வெட்டிப் போட்ட உப்பு வணிகனைப் பற்றிச் சொன்னாள். அந்த மனிதனைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் ஊரார்தான் முதலில் ஓடினார்கள். அவர்களோடு அவளும் ஓடினாள்.

"என் மடியிலதான்பா தலைய வெச்சிருந்தேன். வண்டி வருது, வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மாட்டு மணிச் சத்தம் கேட்டுச்சு. அந்த ஆளுக்கும் கேட்டிருக்கும் போல, லேசா சிரிச்சாரு. மணி கேட்டு, வண்டி அந்த மேடு ஏறி வர்றதுக்குள்ள போயிட்டாரு."

நெடும்பூதனார் சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

"வேகமா ஒரு வண்டி பாருப்பா," என்றாள். "அழகா எல்லாம் வேண்டாம். வேகமா."

அவர் சரி என்றார். அந்த வீட்டில் அவருக்குச் சமைத்துப் போடும் பெண் இதைக் கேட்டிருக்கிறாள். அவள் சொல்லித்தான் அவைக்குத் தெரியும்.

தேர்முற்றத்தில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. ஒன்று, பழைய மாட்டு வண்டியையே சற்று இலகுவாக்கிச் செய்தது. இன்னொன்று வடக்கிலிருந்து வந்த நாலு சக்கர வண்டி. கோவேறு கழுதை இழுப்பது. அகலமாக, தாழ்வாக, சேற்றிலிருந்து எழுந்து வந்ததுபோல் இருந்த அதற்குக் காவலர் வைத்த பெயர் எருமை. மூன்றாவது, இரண்டு குதிரை பூட்டிய இரு சக்கர வண்டி. முன்னே ஓட்டுபவனுக்கும் ஒரு காவலனுக்கும் இடம். அச்சுக்குப் பின்னே, பிடிபட்டவனையோ அடிபட்டவனையோ ஏற்ற ஒரு நீள இருக்கை. அதைச் சிட்டு என்றார்கள். அப்படித்தான் அது பறந்தது.

ஆழ்துறையின் முதலிருக்கை மரபைத் தாங்கள் அறிவீர்கள். எந்தப் புது வண்டியானாலும் அதன் பின்னிருக்கையில் முதலில் அரசரே அமர்ந்து எழ வேண்டும். அதற்குமுன் வேறொருவர் உடல் அங்கே பட்டால் வண்டி தீட்டு, உடைத்து எரித்துவிடுவார்கள். உடலுக்கு ஈடாக மூட்டை வைப்பதும் கூடாது. வேறு ஆண்டாக இருந்தால் அரசி வந்து அமர்ந்திருப்பார். அன்றே மரபு தீர்ந்திருக்கும். ஆனால் அப்போது அரசி தம் தாயை இழந்து துக்கம் காத்திருந்தார். துக்கம் காப்பவர் வண்டி ஏறுவதில்லை. மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பின்னிருக்கையைக் காலியாகவே விட்டு வண்டிகளை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். அவையில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. நெடும்பூதனாருக்கும் படவில்லை.

கற்பாவிய தெருவில் ஓட்டினார்கள். ஆற்றுமணலில் ஓட்டினார்கள். கோட்டைச் சரிவில் ஏற்றி இறக்கினார்கள். மாட்டு வண்டி மணலில் நின்றது. எருமை, நெசவாளர் சந்தில் நுழைந்து திரும்ப முடியாமல், நெசவுக்கு விரித்திருந்த பாவுநூலை அறுத்துக்கொண்டு பின்வாங்கியது. சிட்டு எங்கும் நிற்கவில்லை. அதை ஓட்டியவன் வில்லியன். மூங்கிற்கோட்டுக் காவலில் இருந்து வந்தவன், தங்கள் ஊர்க்காரன். நெடும்பூதனார் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், அச்சின் கீழே குனிந்தார், குதிரையின் வாயைப் பிரித்துப் பார்த்தார். குவளை வேப்பமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப இவ்வளவு சுத்திச் சுத்திப் பார்க்கலியேப்பா," என்றாள்.

காவலர் சிரித்தார்கள். வில்லியன், "அண்ணனோட பல்ல யாரும் பிடிச்சுப் பார்க்கலியா அக்கா?" என்று கேட்டான். தங்கள் மகன் எயினனைத்தான் சொன்னான்.

"பார்த்திருந்தா அன்னைக்கே குறட்டை தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

பிறகு அவள் சிட்டின் அருகே வந்தாள். பின்னிருக்கையின் பலகையைத் தொடாமல், அதன்மேல் கையை நீட்டினாள்.

"அப்பா, ஒரே ஒரு சுத்து. பின்னாடி உக்காந்து வரேன்."

"தள்ளி நில்லு. அரசி இன்னும் உக்காரல."

"அரசியா இதுல போகப் போறாங்க? கைதியும் நோயாளியும்தானே போவாங்க. அவங்களுக்கு எப்படி இருக்கும்னு பார்க்க வேண்டாமா?"

"குவளை. ஆளுங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"கேக்கட்டுமே."

"தள்ளி நில்லுன்னேன்."

தள்ளி நின்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. சிட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று அவளும் சொன்னாள். இதை இங்கே எழுதச் சொன்னவர் நெடும்பூதனார் அல்லர், வில்லியன். எல்லாருக்கும் சிட்டைத்தான் பிடித்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டான்.

துக்க நாள்கள் கழிந்ததும் அரசி தேர்முற்றத்துக்கு வந்தார். அரசி ஏறும்போது வண்டியில் குதிரை பூட்டுவதில்லை. முன்னிருக்கையில் ஆள் இருப்பதும் இல்லை. ஏவலர் நின்று, குதிரை பூட்டும் முன்தண்டான ஏர்க்காலைப் பிடித்துக்கொள்வார்கள். அரசி சிட்டின் பின்னிருக்கையில் அமர்ந்தார். ஏர்க்கால் மேலே எழுந்தது. ஏவலர் சிரித்த முகத்தோடு அதை அழுத்திப் பிடித்தார்கள். ஒருவன் கால் தரையை விட்டு எழுந்தது. அவனும் சிரித்துக்கொண்டே தொங்கினான். சங்கு ஊதினார்கள். வண்டி அரசியை வணங்குகிறது என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

இருக்கை தாழ்ந்ததை அரசி உணர்ந்தார். புது வண்டி அப்படித்தான் இருக்கும் என்று எண்ணினார். ஏர்க்கால் எழுந்ததை நெடும்பூதனார் கண்டார். அவர் கண்ணுக்கு அது பாரமாகத் தெரியவில்லை, மரியாதையாகத் தெரிந்தது. வண்டியிலேயே வளர்ந்த மனிதர் அவர். பின்பாரம் என்ன செய்யும் என்று வண்டி ஓட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்த ஒருத்தியைத் தள்ளி நிற்கச் சொல்லியாயிற்று.

முதல் சிட்டு எந்த நாட்டுக்குப் போவது என்று அவையில் பேச்சு எழுந்தது. கடற்கரை நாட்டார் தங்களுக்கு வேண்டும் என்றார்கள். நெடும்பூதனார் எழுந்து, "என் பொண்ணு ஊருக்குப் போகட்டும். மிச்சத்தை நீங்க பங்கு போட்டுக்குங்க," என்றார். அவர் அவையில் தமக்கென்று ஒன்றைக் கேட்டது அந்த ஒரு முறைதான். அரசி சிரித்துவிட்டுத் தந்தார்.

சிட்டு நாடெங்கும் நன்றாகவே ஓடியது. முன்னே இருவர், பின்னே ஒருவர் என்று சமவெளியில் போனவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சந்தையில் கள்வர் குறைந்தார்கள். மூங்கிற்கோட்டிலும் அது பலமுறை கணவாய் ஏறி இறங்கியது. ஆனால் பின்னிருக்கையில் ஆளோடு ஏறியதில்லை.

அதன்பின் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எனினும், தங்கள் மகனும் ஊராரும் சொல்லத்தான் தாங்கள் கேட்டீர்கள். வண்டியை ஓட்டியவன் சொன்னதையும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று அரசி விரும்புகிறார். குவளைக்கு மலைக்காய்ச்சல் கண்டு நினைவு தப்பத் தொடங்கிய நாளில், கணவாய்க்கு அப்புறம் இருக்கும் மருத்துவர் வீட்டுக்கு அவளைக் கொண்டுபோக வில்லியன்தான் வண்டி பூட்டினான். அவன் அவையில் சொன்னது:

"அக்காவப் பின்னாடி படுக்க வெச்சோம். எயினண்ணன் கூட உக்காந்து தலையப் பிடிச்சுக்கிட்டாரு. முன்னாடி நானும் இன்னொரு காவல்காரரும். அக்காவுக்கு நடுவுல கொஞ்சம் நினைப்பு வந்துச்சு. 'இது எங்கப்பா பார்த்த வண்டிதானே'ன்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன். 'வேகமாப் போகுது'ன்னாங்க. அந்த யானைமுதுகு மேடு வந்துச்சு. மேடு வந்தா நாங்க இறங்கி நடப்போம். குதிரை பாவம்னு எங்க ஊர்ல எப்பவும் அப்படித்தான். அவரு இறங்கினாரு. நானும் இறங்கிக் கடிவாளத்தப் பிடிச்சேன். நாங்க இறங்கினதும் முன்பாரம் போச்சு. ஏர்க்கால் கிளம்பிருச்சு. கழுத்துவார் குதிரைங்க குரல்வளைய இறுக்குச்சு. மூச்சு முட்டினா குதிரை என்ன செய்யும், பின்னாலதான் போகும். நான் தொங்கிப் பார்த்தேன். என் எடை பத்தல. எயினண்ணன் மலைப்பக்கமா விழுந்தாரு. அக்கா வண்டியோட பள்ளத்துக்குள்ள போயிட்டாங்க. குதிரைக்குப் பாவம் பார்த்தேன். அதுதான் நான் செஞ்சது."



செய்தி தலைநகருக்கு வந்தபோது நெடும்பூதனார் காவலர்க்கு முறை பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டார். கையில் இருந்த வேலையை முடித்தார். பிறகு நெசவாளர் தெருவுக்குப் போனார். கணவன் இருக்க இறந்த பெண்ணுக்குப் உடல்மேல் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். தாய் இருந்தால் தாய் எடுப்பாள். தாய் இல்லாததால் அவரே எடுத்தார். நெசவாளனுக்குச் செய்தி தெரியாது. உடன் நின்ற காவலன் சொன்னது இது.

"மகளுக்கா ஐயா?" என்று கேட்டான் நெசவாளன்.

"மகளுக்குத்தான்."

"சிவப்பா இருக்குமா பொண்ணு?"

"மாநிறம்."

"அப்ப இந்த அரக்குக் கரை எடுப்பா இருக்கும். ஒருதரம் கட்டினா கழட்ட மாட்டாங்க பாருங்க."

அதையே எடுத்தார்.

அதைக் குதிரையில் கட்டிக்கொண்டு அவர் தங்கள் கதவுக்கு வந்தார். கதவு அடைத்திருந்தது. அவர் பார்த்த வண்டி ஒன்று இந்த மலைக்குப் போதும், இனி அவர் எதையும் கொண்டுவர வேண்டாம் என்று தாங்கள் உள்ளிருந்து சொல்லியனுப்பினீர்கள். அவர் கதவைத் தட்டவில்லை. நாட்டின் காவல் முழுதும் தம் கையில் இருந்தும், ஒரு காவலனையும் அவர் அழைக்கவில்லை. வெளியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மரங்களுக்கு மேலே புகை எழுந்தது. அது அடங்கும்வரை இருந்துவிட்டு, கோடியோடு திரும்பினார்.

தங்களைக் குறைசொல்ல இது எழுதப்படவில்லை. அந்த நாளில் அந்தக் கதவை அடைக்கத் தங்களுக்கு உரிமை இருந்தது என்று அரசி சொல்கிறார். நெடும்பூதனாரும் அதையே சொன்னார். "அவரு இடத்துல நான் இருந்தா கதவை மட்டுமா அடைச்சிருப்பேன்?" என்றார்.

உடைந்த ஏர்க்காலைத் தாங்கள் தலைநகருக்கு அனுப்பினீர்கள். அது வந்த அன்று அவர் அவைக்கு வந்தார். தேர்முற்றத்தில் நின்ற வேறொரு சிட்டைக் குதிரையில்லாமல் அவை நடுவே உருட்டி வரச் செய்தார். ஏவலர் வழக்கம்போல் ஏர்க்காலைப் பிடித்தார்கள்.

"விட்டுருங்க," என்றார்.

அவர்கள் அரசியைப் பார்த்தார்கள். அரசி தலையசைத்தார். விட்டார்கள். நெடும்பூதனார் நடந்து போய்ப் பின்னிருக்கையில் உட்கார்ந்தார். ஏர்க்கால் எழுந்து, அரியணைக்கு எதிரே வானத்தைக் காட்டி நின்றது. வண்டியின் பின்புறம் தரையைத் தொட, அவர் சாய்ந்தபடியே இருந்தார்.

"இவ்வளவுதான் தாயே," என்றார். "அன்னைக்கே பார்த்திருக்கலாம். அவ கேட்டா."

அவரால் தாமாக எழ முடியவில்லை. இருவர் போய்த் தூக்கினார்கள்.

அவையில் சிலர் அவரை நீக்க வேண்டும் என்றார்கள். அவரும் அதைத்தான் கேட்டார். அரசி நீக்கவில்லை. இருக்கை தாழ்ந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தது தாம்தான் என்றும், நீக்குவதானால் எங்கிருந்து தொடங்குவது என்று அவை சொல்லட்டும் என்றும் அரசி உரைத்தார். பின்னிருக்கையை இனி ஒருபோதும் மறக்காத ஒருவரே அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், அது பரிசன்று, தண்டனை என்று அவர் எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை என்றும் அரசி கூறினார். முதலிருக்கை மரபு அன்றோடு நீங்கியது. மரபை மீறினால் கேடு வரும் என்று மூத்தவர் ஒருவர் முணுமுணுத்தார். வந்த கேட்டைவிடவா என்று கேட்டார் அரசி.

இரண்டாம் முறை வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது பின்னிருக்கையில் நெல் மூட்டை வைத்தார்கள். ஒரு பெண் எவ்வளவு பாரம் இருப்பாள் என்று மூட்டை கட்டுபவர்களுக்குள் பேச்சு வந்தது. ஒருவன் இவ்வளவு என்றான், ஒருவன் அதற்குமேல் என்றான். நெடும்பூதனார் அவர்களிடம் போனார். ஒரு மூட்டையை இரு கையிலும் ஏந்தித் தூக்கினார். கீழே வைத்தார். வாயை அவிழ்த்து இரண்டு மரக்கால் நெல்லை வெளியே அள்ளினார். மறுபடி தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதான் இருப்பா," என்றார்.

அன்று எல்லா வண்டிகளிலும் அந்த அளவே வைத்தார்கள்.

நாடு முழுதுக்கும் ஒரே வண்டி என்ற முடிவும் கைவிடப்பட்டது. சமவெளிக்குச் சிட்டே இருக்கும். அதன் அச்சைப் பின்னே தள்ளிப் பொருத்துகிறார்கள். மணல் நாட்டுக்கு அகலப் பட்டைச் சக்கரம். மலைக்கு, முதல்முறை எல்லாரும் கேலி செய்த அந்த நாலு சக்கர எருமை. குறுக்கே ஒடுக்கி, திருப்பத்துக்கு முன்னச்சைத் தளர்த்தி, கோவேறு கழுதை பூட்டிச் செய்திருக்கிறார்கள். அதில் யார் இறங்கினாலும் யார் ஏறினாலும் ஏர்க்கால் அசையவில்லை. சிட்டின் வேகம் அதற்கு இல்லை. மாட்டைவிட வேகம் உண்டு. நெடும்பூதனார் அதைத் தேர்ந்துவிட்டு, "இதுக்கு அவ ஒத்துக்குவாளான்னு தெரியல," என்றார்.

ஆனால் ஆழ்துறையில் மலை இல்லை. கோட்டைச் சரிவை நம்பி ஒருமுறை ஏமாந்தாயிற்று. எருமையைக் கருங்கணவாயில், யானைமுதுகு மேட்டிலேயே, பின்னே ஆளை வைத்து ஏற்றிப் பார்க்காமல் ஒரு வண்டியும் எந்த மலைக்கும் போகாது என்று அவர் சொல்லிவிட்டார். தங்கள் கதவு அடைத்திருப்பதால் மற்ற மலைநாடுகளும் வண்டியில்லாமல் காத்திருக்கின்றன. தங்கள் கணவாயிலும் காவல் இல்லை. சென்ற திங்களில் உப்பு வணிகர் மறுபடி அடிபட்டார்கள் என்று கேள்வி. அவர்கள் தலையை யார் மடியில் வைத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

பின்னிருக்கையில் உட்காரப் போகிறவர் நெடும்பூதனாரே. வேறொருவரை அனுப்புமாறு அரசி சொன்னார். அவர் மறுத்தார்.

"வேற ஒருத்தன் உக்காந்து விழுந்தா, நான் இன்னொரு அப்பனுக்குப் பதில் சொல்லணும் தாயே."

அவர் அங்கே சாகத்தான் போகிறாரோ என்ற ஐயம் அரசிக்கு இருந்தது. தங்களுக்கும் அது எழக்கூடும். அரசி அதை மறைக்காமல் கேட்டார்.

"சாகணும்னா ஊர்லயே கிணறு இருக்கே," என்றார் அவர். "அந்த மேட்டுல வண்டி நிக்கணும். நின்னு பார்க்கணும். அதுக்குத்தான்."

என்ன எடுத்துச் செல்கிறீர் என்று கேட்டதற்கு, ஒரு மாற்றுத்துணி என்றார். சற்றுப் பொறுத்து, அந்தக் கோடியும் என்றார். அதை இத்தனை நாள் என்ன செய்தீர் என்று அரசி கேட்கவில்லை. அவர் வீட்டில் சமைக்கும் பெண் பிறகு சொன்னாள்: வேறொன்றும் செய்யவில்லை, பூச்சி அரிக்காமல் இருக்க அவ்வப்போது வெயிலில் காயப்போட்டு மடித்து வைப்பார் என்று.

ஆகவே அரசியின் ஆணை இது. வளர்பிறையில் எருமை வண்டி ஒன்று கருங்கணவாய்க்கு வரும். ஓட்டுபவன் வில்லியன். அவனையும் தாங்கள் வெறுக்கக்கூடும். அவன்தான் ஓட்ட வேண்டும் என்று கேட்டவர் நெடும்பூதனார். கதவு திறந்திருக்க வேண்டும். முரசு வேண்டாம், சங்கு வேண்டாம், எதிர்கொள்ள ஆள் வரிசை வேண்டாம். யானைமுதுகு மேட்டில் வில்லியன் வழக்கப்படி இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து நடப்பான். உடன் இருக்கும் காவலனும் இறங்குவான். நெடும்பூதனார் பின்னே தனியே இருப்பார். ஏர்க்கால் அசையாமல் வண்டி ஏறினால் அன்றே மலைநாடுகளுக்கு ஓலை போகும்; ஏறாவிட்டால் வண்டி திரும்பும், அவரும் திரும்புவார், மறுபடி செய்து வருவார். ஏறிய பின் அவர் அங்கே இறங்கி நிற்கக்கூடும். எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் கூப்பிடக் கூடாது. தாமே வந்து ஏறும்வரை வண்டி நிற்கட்டும்.

தாங்கள் அவரிடம் பேச வேண்டும் என்று ஆணையில் இல்லை. அவரை மன்னிக்க வேண்டும் என்றும் இல்லை. அவ்விரண்டும் அரசர் கையில் உள்ளவை அல்ல.

கண்டு தெளிக. தெளிந்து கதவு திறக்க. குன்று நிற்கும் காலமெல்லாம் தங்கள் குலம் நிற்க. இது ஆழ்துறை அரசி நன்முல்லையார் ஆணை. ஓலை நாயகம் எழுத, அவை கேட்க, அரக்கில் நாரை முத்திரை இட்டது.

முத்திரைக்குக் கீழே வருவது ஆணை அன்று. இதை மறுக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. அரசி தம் கையால் எழுத்தாணி பிடித்து எழுதியது:

அவர் கையில் ஒரு கோடி இருக்கும். போர்த்துவதற்கு இப்போது அங்கே யாரும் இல்லை என்று அவருக்கும் தெரியும். வாங்கிக்கொள்ளுங்கள்.